881 குவெரி, ஒரே திரை: பல டேபிள்களைப் படிக்கும் விதம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மாவட்டத் தலைநகர் ஒன்றில் இயங்கும் மருந்து மொத்த விற்பனை நிறுவனம் அது. சுற்றுவட்டார மெடிக்கல் கடைகளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 210 பில் போகும். பில் போடுவது, சரக்கை எடுத்துப் பெட்டி கட்டுவது, வேனில் ஏற்றுவது, வசூல் பதிவது எல்லாமே ஒரே மென்பொருளில்தான் நடந்தன. அதை எழுதிப் பராமரித்தது நான்கு பேர் கொண்ட ஒரு குழு. ஜாவா மொழி, அதற்குச் சட்டகமாக ஸ்பிரிங், ஜாவா ஆப்ஜெக்ட்களுக்கும் டேபிள்களுக்கும் இடையே குவெரி எழுதித்தரும் ஹைபர்னேட், டேட்டாபேஸாக போஸ்ட்கிரெஸ் என்ற வழக்கமான கூட்டணி. குவெரி என்பது நிரல் டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரு கேள்வி. நிரலும் டேட்டாபேஸும் குடோன் பின்னறையில் இருந்த ஒரே கணினியில் ஓடின.

இந்த ஆய்வுக்கு வேண்டிய டேபிள்கள் ஏழு: பில், கடை, ஐட்டம், மருந்து, பேட்ச், வரவு, பெட்டி. இவற்றுக்குள் உறவு எந்தப் பக்கம் விரிகிறது என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு பில்லுக்கு ஒரே கடை. ஓர் ஐட்டத்துக்கு ஒரே மருந்து, ஒரே பேட்ச். இவை பலவற்றிலிருந்து ஒன்றை நோக்கிப் போகும் உறவுகள். ஒரு பில்லுக்குப் பல ஐட்டம், பல வரவு, பல பெட்டி உண்டு. இவை ஒன்றிலிருந்து பலவாக விரிகின்றன. வசூலில் வந்த ஒரு தொகை பல பில்லுக்குப் பிரியும் என்பதால், வரவு டேபிளில் பில் வாரியாகப் பிரித்த தொகைதான் இருக்கும்.

சிக்கல் வந்தது ‘அனுப்பும் பட்டியல்’ என்ற திரையில். ஒரு பக்கத்துக்கு 60 பில். ஒவ்வொன்றுக்கும் கடையின் பெயர், பில் தொகை, பாக்கி, பெட்டி எண்ணிக்கை ஆகியவற்றோடு இரண்டு அடையாளங்கள்: ஃபிரிட்ஜில் வைக்க வேண்டிய மருந்து இருக்கிறதா, எக்ஸ்பைரி நெருங்கிய பேட்ச் இருக்கிறதா. இந்த இரண்டு சின்ன அடையாளங்களுக்காகத்தான் நிரல் ஒவ்வொரு பில்லின் ஐட்டங்களையும், அவற்றின் மருந்தையும், பேட்சையும் முழுசாகத் தூக்கிக்கொண்டு வந்தது. தூக்குவது லேசி லோடிங் வழியில்: ஜாவாவில் ஐட்டத்தைத் தொட்டால் ஒரு குவெரி, அதன் மருந்தைத் தொட்டால் இன்னொன்று. எழுதியவருக்கு அது ஒரு சாதாரண ஃபார் லூப், ஒவ்வொன்றாகச் சுற்றிவரும் நிரல்.

டேட்டாபேஸ் இடம் மாறிய வாரம்

பின்னறைக் கணினியின் ஹார்ட் டிஸ்க் ஒருமுறை மக்கர் செய்த பிறகு, டேட்டாபேஸை மட்டும் மும்பையில் உள்ள ஒரு கிளவுட் சேவைக்கு மாற்ற முடிவானது. நிரல் குடோனிலேயே இருக்கட்டும் என்று விட்டார்கள். லேபிள் பிரிண்டர்களும் எடை மெஷினும் அந்தக் கணினியில்தான் மாட்டியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை மாற்றம் நடந்தது. தரவு எண்ணிக்கை சரிபார்க்கப்பட்டது, நான்கைந்து பில் போட்டுப் பார்க்கப்பட்டது, எல்லாம் சரி.

திங்கள் காலை அனுப்பும் பட்டியல் திறக்க 28 விநாடி ஆனது. முந்தைய வாரம் அரை விநாடிகூட ஆகாத திரை அது.

அடுத்த மூன்று நாள் தப்பான இடத்தில் தேடியதில் போயிற்று. குவெரி 200 மில்லி விநாடிக்கு மேல் எடுத்தால் பதியும்படி ஸ்லோ குவெரி லாக் வைத்திருந்தார்கள். அதில் இந்தத் திரையைச் சேர்ந்த ஒரு பதிவுகூட இல்லை. டேட்டாபேஸ் சர்வரின் சிபியு 4 சதவீதத்தைத் தாண்டவில்லை. இருந்தும் சர்வரின் அளவை இரட்டிப்பாக்கினார்கள். 28 விநாடி 28 விநாடியாகவே நின்றது. இன்டர்நெட் நிறுவனத்துக்குப் புகார் போனது. அவர்கள் வேகம் 20 எம்பிபிஎஸ் வருகிறது என்று காட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் சொன்னதும் உண்மைதான்.

எண்ணிப் பார்த்தபோது

நான்காம் நாள்தான் ஒருவர் ‘எவ்வளவு நேரம்’ என்பதை விட்டுவிட்டு ‘எத்தனை தடவை’ என்று பார்த்தார். போஸ்ட்கிரெஸில் பிஜி_ஸ்டேட்_ஸ்டேட்மென்ட்ஸ் என்ற எக்ஸ்டென்ஷன் உண்டு. ஒவ்வொரு வகைக் குவெரியும் எத்தனை முறை ஓடியது என்பதை அது தனிப் பத்தியில் (நெடுவரிசையில்) எண்ணி வைக்கும். வேறு யாரும் உள்ளே இல்லாத நேரத்தில் கணக்கைப் பூஜ்யமாக்கி, திரையை ஒரே ஒருமுறை திறந்து, மறுபடி படித்தார்கள்.

பில் பட்டியலுக்கு 1. கடைக்கு 48, 60 பில்லில் 48 வெவ்வேறு கடைகள், ஏற்கெனவே வந்த கடையை ஹைபர்னேட் மறுபடி கேட்பதில்லை. ஐட்டங்களுக்கு 60, வரவுக்கு 60, பெட்டிக்கு 60. மருந்துக்கு 290. பேட்சுக்கு 362. ஆக மொத்தம் 881.

குடோனிலிருந்து மும்பைக்கு ஒரு நடை போய்வர 31 மில்லி விநாடி. 881 நடைக்கு 27.3 விநாடி. திரையில் பார்த்த நேரத்தோடு கணக்கு கிட்டத்தட்ட ஒட்டிப் போனது. பழைய ஏற்பாட்டில் ஒரு நடை 0.4 மில்லி விநாடி. அதே 881 குவெரி 0.35 விநாடியில் முடிந்துவிடும். குறை அன்றும் இருந்தது. தூரம் குறைவாக இருந்ததால் தெரியவில்லை, அவ்வளவே. ஸ்லோ குவெரி லாக் காலியாக இருந்த காரணமும் இதுதான். ஒவ்வொரு குவெரியும் டேட்டாபேஸுக்குள் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவாகவே ஓடியது. டேட்டாபேஸ் சும்மா உட்கார்ந்திருந்தது, வழியில் காத்துக் கிடந்தது நிரல்.

முதல் திருத்தம்: எல்லாம் ஒரே ஜாயினில்

நடையைக் குறைக்க வேண்டும் என்று தெரிந்ததும் எவருக்கும் கை போகிற இடத்துக்கே குழுவுக்கும் போனது. ஏழு டேபிளையும் ஜாயின் செய்து, அதாவது பொதுவான எண்ணைக் கொண்டு வரிசையோடு வரிசையை இணைத்து, ஒரே குவெரியில் கொண்டுவருவது. ஹைபர்னேட்டில் ஐட்டம், வரவு, பெட்டி மூன்றுக்கும் ஜாயின் ஃபெட்ச் எழுதினார்கள்.

ஹைபர்னேட் அதை ஓட்ட மறுத்து மல்டிபிள் பேக் ஃபெட்ச் எக்ஸெப்ஷன் என்ற பிழையைக் கொடுத்தது. ஒன்றுக்கு மேற்பட்ட லிஸ்ட்டை ஒரே ஜாயினில் இழுத்தால் எந்த வரிசை எதற்குரியது என்று பிரிக்க முடியாது என்பதே அதன் பொருள். இணையத்தில் இதற்குப் பரவலாகக் கிடைக்கும் மருந்து, லிஸ்ட்டை செட்டாக மாற்றுவது. மாற்றியதும் எக்ஸெப்ஷன் போய்விட்டது. ஆனால் அது சொல்ல வந்த நோய் போகவில்லை. ஒரு பில்லில் 9 ஐட்டம், 2 வரவு, 3 பெட்டி இருந்தால் டேட்டாபேஸ் அனுப்புவது 14 வரிசை அல்ல. 9 × 2 × 3, அதாவது 54. செட் என்பது வந்து சேர்ந்த பிறகு இரட்டிப்பைக் கழிக்கும். வயரில் வருவது 54தான்.

இன்னொன்றும் நடந்தது, கவனத்துக்கு வராமல். 60 பில்லுக்கு வரிசைகள் 2,700 அளவில் வரும் என்று எதிர்பார்த்தார்கள். வந்தது 9,412. கூடவே லாகில் எச்எச்எச்000104 என்ற எண்ணோடு ஓர் எச்சரிக்கை: பக்கம் பிரிப்பதும் கலெக்‌ஷன் ஃபெட்ச்சும் ஒன்றாக வருவதால், பக்கத்தை மெமரியில் பிரிக்கிறேன் என்று. ஜாயினுக்குப் பிறகு ‘முதல் 60 வரிசை’ என்றால் அது 60 பில் ஆகாது. அதனால் ஹைபர்னேட் வரம்பையே டேட்டாபேஸுக்கு அனுப்புவதில்லை. அன்றைய 210 பில்லையும் இழுத்துவந்து, 60ஐ வைத்துக்கொண்டு மீதியை எறிந்தது. வரிசைக்கு 620 பைட் வீதம் 5.8 எம்பி, அந்த இணைப்பில் அதற்கு மட்டும் 2.3 விநாடி.

ஆனாலும் 28 விநாடித் திரை 3 விநாடிக்கு வந்துவிட்டதே! எல்லோரும் நிம்மதியானார்கள். எச்சரிக்கை, தினம் பார்த்துப் பழகிய மற்ற எச்சரிக்கைகளோடு கலந்துபோனது.

அடுத்த செவ்வாய்க்கிழமை யாரோ தேதி வடிகட்டியில் ‘இந்த நிதியாண்டு’ என்று தேர்ந்தெடுத்தார். 41,000 பில். பில்லுக்குச் சராசரி 45 வரிசை என்றால் 18 லட்சம் வரிசை, ஒரு ஜிபிக்கு மேல். ஜாவாவை போஸ்ட்கிரெஸோடு இணைக்கும் ஜேடிபிசி டிரைவர், ஒரு தடவைக்கு எத்தனை வரிசை என்ற ஃபெட்ச் சைஸைச் சொல்லாவிட்டால் முழு விடையையும் முதலில் மெமரியில் சேர்த்துக்கொள்ளும். அதன் மேல் ஹைபர்னேட் தன் பங்குக்கு ஆப்ஜெக்ட்களைக் கட்டும். 2 ஜிபி ஒதுக்கியிருந்த நிரல் மெமரி போதாமல் விழுந்தது. பில் கவுண்டர் உட்பட எல்லாம் நின்றன.

அன்று மாலையே ஜாயினைத் திரும்பப் பெற்று, ஹைபர்னேட்டில் டிஃபால்ட் பேட்ச் ஃபெட்ச் சைஸை 64 என்று வைத்தார்கள். இந்தப் பேட்ச் மருந்துப் பேட்ச் அல்ல, ஒரே தடவையில் சேர்த்துக் கேட்கும் தொகுதி. ஒரே ஓர் அமைப்பு வரி. ஒரு பில்லின் ஐட்டத்தைத் தொட்டால், காத்திருக்கும் 64 பில் வரைக்கும் சேர்த்து ஒரே குவெரியில் கேட்டுவிடும். 881 ஏறக்குறைய 16 ஆனது, திரை அரை விநாடிக்குச் சற்று மேல். இந்த வரியை முதல் திங்களே போட்டிருந்தால் இந்த ஆய்வின் பாதி நடந்தே இருக்காது.

பாக்கி அறிக்கையில் வந்த பிழை

அதே வாரம், அதே மனநிலையில், வசூலுக்குப் போகிறவர்கள் எடுத்துப்போகும் பாக்கி அறிக்கையும் கையால் எழுதிய ஒரே எஸ்க்யூஎல் குவெரியாக மாற்றப்பட்டிருந்தது. இங்கே செட் வந்து இரட்டிப்பைக் கழிக்காது. கூட்டல் டேட்டாபேஸிலேயே நடந்துவிடும்.

முதல் வடிவத்தில் இன்னர் ஜாயின் இருந்தது, அதாவது இரண்டு பக்கமும் பொருந்தும் வரிசை மட்டும் வரும். வரவே இல்லாத பில்கள் அறிக்கையிலிருந்து காணாமல் போயின. பாக்கி அறிக்கையில் முதலில் தெரிய வேண்டியவர்கள் ஒரு ரூபாய்கூடத் தராதவர்கள், அவர்கள்தான் மறைந்தார்கள். இது அன்றே தெரிந்து, பொருத்தம் இல்லாத பில்லையும் விடாத லெஃப்ட் ஜாயினாக மாறியது.

இரண்டாவது பிழையைக் கண்டுபிடித்தவர் நிறுவனத்தின் மூத்த கணக்காளர். “தம்பி, இந்தக் கடைக்காரர் ஆயிரம் ரூபா தரணும்னு என் நோட்டுல இருக்கு. உங்க சிஸ்டம் ஐநூறுங்குது.” அந்த பில்லில் மூன்று ஐட்டம்: 1,200, 850, 450. மொத்தம் 2,500. வரவு இரண்டு: 1,000, 500. பாக்கி 1,000. ஐட்டத்தையும் வரவையும் ஒன்றாக ஜாயின் செய்தால் ஆறு வரிசை. ஒவ்வோர் ஐட்டமும் இரண்டு முறை வருவதால் பில் தொகை 5,000. ஒவ்வொரு வரவும் மூன்று முறை வருவதால் வரவு 4,500. வித்தியாசம் 500. தப்பான எண் கண்ணை உறுத்தும்படி பெரிதாக வந்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். இது நம்பும்படியாக வந்தது.

மூன்றாவது, திருத்தத்தில் வந்த பிழை. கூட்டலுக்குள், ஒரே மதிப்பை ஒருமுறை மட்டும் எடுக்கும் டிஸ்டிங்க்ட் போட்டார்கள். மேலே சொன்ன பில்லில் சரியாக 1,000 வந்தது. சோதனை முடிந்தது என்று வெளியிட்டார்கள். வாராவாரம் 500, 500 என்று கட்டுகிற கடைகள் இந்தத் தொழிலில் ஏராளம். டிஸ்டிங்க்ட் அவற்றில் ஒரு 500ஐ மட்டும் எண்ணிவிட்டு மற்றதை விட்டது. இப்போது பாக்கி கூடுதலாகக் காட்டியது. கட்டிய பணத்தைக் கட்டவில்லை என்று கேட்டால் எந்தக் கடைக்காரருக்குத்தான் கோபம் வராது?

ஒன்றிலிருந்து பலவாக விரியும் இரண்டு உறவுகளை ஒரே மட்டத்தில் ஜாயின் செய்த பிறகு கூட்டவே கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே பில் வாரியாகக் கூட்டி, பில்லுக்கு ஒரு வரிசையாகச் சுருக்கிவிட்டு, அதன் பிறகு ஜாயின் செய்ய வேண்டும். அறிக்கை அப்படி எழுதப்பட்டு, பேரேட்டோடு மூன்று மாதத்துக்கு ஒப்பிடப்பட்டது. தவறான பாக்கியோடு கடைகளுக்குப் போன கணக்குச் சீட்டுகள் திருத்தி அனுப்பப்பட்டன.

எடுத்துப் பார்த்த வழிகள்

பேட்ச் ஃபெட்ச் சைஸ் மூச்சு விட நேரம் கொடுத்தது. அந்த இடைவெளியில் நிலையான வடிவம் எது என்று உட்கார்ந்து பேசினார்கள்.

நிரலையும் மும்பைக்கே கொண்டுபோய் டேட்டாபேஸ் பக்கத்தில் வைக்கலாம். அங்கே ஒரு நடை 0.7 மில்லி விநாடி. 881 குவெரியும் 0.6 விநாடியில் முடியும், நிரலில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். உண்மையில் இது மலிவான வழி. பிரிண்டருக்கும் எடை மெஷினுக்கும் குடோனில் ஒரு சிறு இடைநிரல் எழுத வேண்டியிருந்ததால் தள்ளிப்போட்டார்கள். 881 என்ற எண் மறுபடி பாய்க்கு அடியில் போய்விடும் என்பது இரண்டாவது காரணம். அதுதான் சரியான காரணமும்கூட.

மெட்டீரியலைஸ்டு வியூ கட்டி, கூட்டி வைத்த விடையைப் படிக்கலாம். ஆனால் போஸ்ட்கிரெஸில் அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. ரிஃப்ரெஷ் கட்டளை ஓடும்போதுதான் மாறும், ஓடினால் முழுவதையும் மறுபடி கணக்கிடும். ஐந்து நிமிடத்துக்கு முந்தைய பெட்டி எண்ணிக்கையை வைத்து வேனில் சரக்கு ஏற்ற முடியாது. இதை ஒதுக்கினார்கள்.

கூட்டுத்தொகையை பில் டேபிளிலேயே ஒரு பத்தியாக எழுதி வைக்கலாமா என்பதில்தான் பேச்சு நீண்டது. முடிவு பாதிப் பாதியாக வந்தது, அப்படி வந்ததே நல்லது. பில் தொகையை எழுதி வைக்கலாம். ஜிஎஸ்டி பில் ஒருமுறை கொடுத்துவிட்டால் அதை அடித்துத் திருத்துவதில்லை. மாற்றம் எதுவானாலும் கிரெடிட் நோட், டெபிட் நோட் வழியாகத்தான். ஆகவே பில் முடிக்கும் கணத்தில் எழுதும் தொகை பிறகு பொய்யாகாது. பாக்கியை எழுதி வைக்கக் கூடாது. அது வசூல் வரும்போதெல்லாம் மாறும். செக் திரும்பிவந்தால் வரவே ரத்தாகும். கிரெடிட் நோட் போட்டாலும் குறையும். இத்தனை வாசலிலும் ஒருவர் மறக்காமல் அந்தப் பத்தியைத் திருத்த வேண்டும்; ஒரு வாசலை மறந்தாலும் பாக்கி மௌனமாகப் பிசகும். படிக்கும்போது கூட்டிக்கொள்வது மெதுவானாலும் பொய் சொல்லாது.

எடுத்த முடிவுகள்

ஒரே விதியை எல்லாத் திரைக்கும் போடாமல், திரைக்குத் திரை வேறு வடிவம் எடுத்தார்கள்.

அனுப்பும் பட்டியலுக்கு ஒரே குவெரி, கையால் எழுதியது. அதன் முதல் பகுதி வடிகட்டிக்கு ஏற்ற 60 பில் எண்களை மட்டும் எடுக்கிறது. பக்கம் பிரிப்பது இங்கேயே, எதையும் ஜாயின் செய்வதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் கடை நேராக ஜாயின் ஆகிறது. ஒரு பில்லுக்கு ஒரே கடை என்பதால் வரிசை பெருகாது. ஐட்டம், வரவு, பெட்டி ஒவ்வொன்றும் லேட்டரல் ஜாயினுக்குள் (ஒவ்வொரு பில்லுக்கும் தனியே ஓடும் துணைக் குவெரி) பில் வாரியாகச் சுருங்கி ஒரே வரிசையாக வருகிறது. ஐட்டத்துக்குள் மருந்தும் பேட்சும் ஜாயின் ஆகி, ‘ஒன்றேனும் ஃபிரிட்ஜ் மருந்தா’ என்பது பூல்_ஆர் என்ற ஃபங்ஷன் மூலமாகவும், ‘மிக முந்திய எக்ஸ்பைரி எது’ என்பது மின் (மினிமம்) என்ற ஃபங்ஷன் மூலமாகவும் வருகின்றன. எந்த அடையாளங்களுக்காக 650 குவெரி ஓடினவோ அவை இப்போது இரண்டு பத்தி.

இதில் ஒரு சின்ன இடறல். வரவே இல்லாத பில்லுக்குக் கூட்டல் பூஜ்யம் தராது, நல் தரும், அதாவது ‘மதிப்பே இல்லை’. 2,500லிருந்து நல்லைக் கழித்தால் விடையும் நல். முதல் ஓட்டத்தில் புதுப் பில்களுக்கெல்லாம் பாக்கி வெற்றிடமாக நின்றது. நல்லைப் பூஜ்யமாக்கும் கோயலெஸ் போட்டுச் சரியானது.

இந்த வடிவத்துக்கு விலையும் உண்டு. குவெரி ஹைபர்னேட்டுக்கு வெளியே இருக்கிறது. ஒரு பத்தியின் பெயரை மாற்றினால் கம்பைலர் சொல்லாது, ஓடும்போதுதான் உடையும். அதனால் அந்தக் குவெரிக்கான சோதனைகள் உண்மையான போஸ்ட்கிரெஸ் மேல் ஓடுகின்றன. மெமரி டேட்டாபேஸில் ஓட்டிப் பார்ப்பது இதற்கு உதவாது.

ஒற்றை பில்லின் விவரத் திரை நான்கு குவெரி: பில்லும் கடையும், ஐட்டமும் மருந்தும் பேட்சும், வரவு, பெட்டி. 124 மில்லி விநாடி. ஜேசன் தொகுப்பாக்கி இதையும் ஒரே குவெரியாக்கலாம் என்று ஒருவர் எழுதியே காட்டினார். மூன்று நடை மிச்சம். சுமார் 90 மில்லி விநாடி. அதற்காக ஆறு மாதம் கழித்து யாரும் படிக்க முடியாத குவெரி வேண்டாம் என்று விட்டார்கள்.

எடுப்புச் சீட்டு மூன்றாவது வகை. வேன் புறப்படுமுன் அதன் 35 பில்லுக்கும் சேர்த்து, ரேக் வாரியாக அச்சாகும். பில் எண்களை ஒரு பட்டியலாக அனுப்பி, ஐட்டங்களை ஒரே குவெரியில் வாங்கி, நிரலுக்குள் பில் எண்ணைச் சாவியாக வைத்து மேப்பில் பிரிக்கிறார்கள். எண்களைக் குவெரியில் இன் என்ற சொல்லுக்குப் பின் தனித்தனியாக அடுக்காமல், எனி என்ற சொல்லோடு ஒரே அரேயாக (ஒற்றைத் தொகுப்பாக) அனுப்புகிறார்கள். இன் பட்டியலில் 35 எண் ஒரு குவெரி, 36 எண் வேறொரு குவெரி என்று டேட்டாபேஸுக்குத் தோன்றும். தயாரித்து வைத்த குவெரி மறுபடி பயன்படாது, பழைய பதிப்புகளில் எண்ணிக்கைப் பதிவும் துண்டு துண்டாகும். வரம்பும் உண்டு: ஆரக்கிளில் ஓர் இன் பட்டியலுக்கு நீண்டகாலம் 1,000 என்பதே எல்லையாக இருந்தது, எஸ்க்யூஎல் சர்வரில் ஒரு குவெரிக்கு 2,100 பாராமீட்டர் (குவெரிக்குள் அனுப்பும் மதிப்பு), போஸ்ட்கிரெஸின் இணைப்பு நெறியில் 65,535. அரே என்றால் எத்தனை எண்ணானாலும் ஒரு பாராமீட்டர்.

மருந்தின் பெயர், பேக்கிங், ரேக் எண் மூன்றையும் நிரல் தன் மெமரியில் வைத்துக்கொள்கிறது. 8,400 மருந்துக்குச் சில எம்பிதான். எம்ஆர்பி இதில் சேரவில்லை. அது மருந்துக்கு உரியதல்ல, பேட்சுக்கு உரியது. ஒரே மாத்திரையின் இரண்டு பேட்ச் இரண்டு எம்ஆர்பியோடு ஒரே ரேக்கில் இருக்கும். ஸ்டாக் எடுத்த அன்று ரேக்குகள் மாறின, எடுப்புச் சீட்டு பழைய ரேக்கையே காட்டியது. காலாவதி வைக்காமல் விட்ட பிழை அது. இப்போது ஐந்து நிமிடம்.

வெளியிட்ட பிறகு வந்த இரண்டு

முதலாவது, இன்டெக்ஸ், அதாவது டேபிள் முழுவதையும் புரட்டாமல் வேண்டிய வரிசைக்குப் போக உதவும் அட்டவணை. பாக்கியில் கிரெடிட் நோட்டும் கழிய வேண்டும் என்று அந்த டேபிளும் லேட்டரலாகச் சேர்ந்தது. திரை 0.2லிருந்து 0.5 விநாடிக்கு ஏறியது. குவெரி எப்படி ஓடியது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் பார்த்தபோது கிரெடிட் நோட் மேல் முழு ஸ்கேன், 5.6 மில்லி விநாடி என்று இருந்தது. சின்ன எண்தானே என்று ஒருவர் கடந்துபோக, பக்கத்தில் இருந்தவர் அதே வரியின் முடிவில் லூப்ஸ் 60 என்று இருந்ததைக் காட்டினார். அங்கே போடும் நேரம் ஒரு சுற்றின் சராசரி. 60ஆல் பெருக்கினால் 336. டேபிளில் 46,000 வரிசை. பில் எண்ணுக்கு ஃபாரின் கீ (பில் டேபிளில் உள்ள எண்தான் வரலாம் என்ற கட்டுப்பாடு) இருந்தது, இன்டெக்ஸ் இல்லை. குழுவில் இருவர் மைஎஸ்க்யூஎல்லிலிருந்து வந்தவர்கள். அங்கே அதன் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி ஃபாரின் கீக்கு இன்டெக்ஸைத் தானே போட்டுவிடும். போஸ்ட்கிரெஸ் போடாது. எழுதும் சுமையைக் கூட்ட வேண்டாம் என்று அந்த முடிவை நம்மிடம் விட்டுவிடுகிறது. இன்டெக்ஸ் போட்டதும் திரை பழைய வேகத்துக்கு வந்தது.

இரண்டாவது, ஒரு காலியான சீட்டு. சரக்கு எடுக்கும் பையன் எடுப்புச் சீட்டோடு மேசைக்கு வந்தார். மேலே கடையின் பெயர், ஊர், பில் எண். கீழே ஒரு மருந்துகூட இல்லை. நடந்தது இது: முதல் குவெரி பில்களைப் படித்தது. இரண்டாவது ஐட்டங்களைப் படிக்கும் முன் கவுண்டரில் அந்த ஆர்டரை ரத்து செய்தார்கள், முடிக்காத பில் என்பதால் ஐட்டங்கள் நீக்கப்பட்டன. இரண்டு குவெரியும், பல குவெரிகளை ஒரு கட்டாகச் சேர்க்கும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள்தான் இருந்தன. ஆனால் முன்னிருப்பான ரீட் கமிட்டட் நிலையில் ஒவ்வொரு குவெரியும் தான் தொடங்கும் நேரத்து நிலையைப் பார்க்கும். டிரான்ஸாக்‌ஷன் என்று போட்டுவிட்டால் எல்லாம் ஒரே நேரத்துப் படம் என்று நினைப்பது பரவலான தப்பு.

படிப்பதற்கு மட்டும் தனியாக ஒரு கனெக்‌ஷன் பூல் வைத்து, அதன் இயல்பு நிலையை ரிப்பீட்டபிள் ரீட் ஆக்கினார்கள். போஸ்ட்கிரெஸில் இந்த நிலையில் முதல் குவெரி பார்த்த படத்தையே மற்றவையும் பார்க்கும். வெறுமனே படிக்கும் டிரான்ஸாக்‌ஷன் மோதலால் தோற்று மறுபடி ஓட வேண்டிய தொல்லையும் இல்லை. நிலையை ஒவ்வொரு முறையும் நிரலிலிருந்து மாற்றினால் அதற்கென்றே இரண்டு மூன்று நடை கூடும். தனி பூல் அதற்காகத்தான். இவ்வளவு செய்தும் சீட்டு ஒத்திசைவாக இருக்குமே தவிர, நொடிக்கு நொடி புதிதாக இருக்காது. ரத்தான ஆர்டர் முழு ஐட்டங்களோடு அச்சாகலாம். அதனால் பெட்டி கட்டும் இடத்தில் பார்கோடு அடிக்கும்போது நிலை மறுபடி சரிபார்க்கப்படுகிறது. பட்டியலை ஒரே குவெரியாக எழுதிய திரையில் இந்தக் கவலையே எழவில்லை. ஒரு குவெரிக்குள் எப்போதும் ஒரே படம்தான்.

விளைவு

அனுப்பும் பட்டியல் 881 குவெரியிலிருந்து ஒன்றுக்கும், 28 விநாடியிலிருந்து 0.2 விநாடிக்கும் வந்தது. நிதியாண்டு முழுவதையும் தேர்ந்தெடுத்தாலும் 60 வரிசைதான் வருகிறது. டேட்டாபேஸ் சர்வர் பழைய அளவுக்கே இறக்கப்பட்டது.

குழு தன் வேலையில் சேர்த்துக்கொண்டவை இரண்டு. ஒன்று, குவெரியை எண்ணும் சோதனை: ஹைபர்னேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸை இயக்கி, 10 பில்லோடு ஒருமுறையும் 60 பில்லோடு ஒருமுறையும் திரையைத் திறந்து, இரண்டிலும் குவெரி எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கிறதா என்று பார்க்கிறது. தரவு கூடக் கூட எண்ணிக்கையும் கூடினால் சோதனை தோற்கும். சோதனைத் தரவில் ஒரே தொகைக்கு இரண்டு வரவு உள்ள பில், வரவே இல்லாத பில், ஐட்டமே இல்லாத பில் மூன்றும் கட்டாயம். மற்றது, எழுதுபவர்களின் கணினியில் டேட்டாபேஸுக்குப் போகும் வழியில் லினக்ஸின் நெட்எம் மூலம் 30 மில்லி விநாடி தாமதம் வைத்திருக்கிறார்கள். லூப்புக்குள் குவெரி போட்டவருக்கு அன்றே வலிக்கும்.

மறுமுறை செய்தால்

டேட்டாபேஸை நகர்த்துவதற்கு முந்தைய வாரமே, அதிகம் பயன்படும் பத்துத் திரைகளுக்குக் குவெரி எண்ணிக்கையை எடுத்து, புதிய தூரத்தால் பெருக்கிப் பார்த்திருக்க வேண்டும். அரை நாள் வேலை. 27 விநாடி என்ற விடை காகிதத்திலேயே வந்திருக்கும்.

அவசரத் திருத்தத்தையும் வடிவ மாற்றத்தையும் ஒன்றாகச் செய்ததும் பிழை. முதல் திங்கள் பேட்ச் ஃபெட்ச் சைஸை வைத்துவிட்டு, ஜாயினை நிதானமாக யோசித்திருக்கலாம். பணம் கூட்டும் அறிக்கையை வேகத்துக்காகத் தொட்டபோது, பழைய அறிக்கையையும் புதியதையும் ஒரு வாரம் பக்கத்தில் வைத்து ஓட்டி வித்தியாசம் பார்த்திருக்க வேண்டும். கணக்காளரின் நோட்டு அந்த வேலையைச் செய்தது தற்செயல்.

நிரலை மும்பைக்கு நகர்த்தும் திட்டம் இன்னும் பட்டியலில் இருக்கிறது, பிரிண்டருக்கான இடைநிரல் முடிந்ததும் நடக்கும். ஸ்டாக் திரை இன்றும் லேசி வழியில்தான் ஓடுகிறது. பக்கத்துக்கு 9 குவெரி, 0.3 விநாடி, நாளுக்கு நாலைந்து முறை திறப்பார்கள். அதை யாரும் தொடவில்லை.